மூன்றாம் நாள் வந்த தாள்

என் மகள் பிறந்த மூன்றாம் நாள் காலையில் என் சித்தி ஒரு தாளைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் வைத்தார். அவர் என்மேல் பாசம் உள்ளவர், இன்றும் அப்படித்தான். பிள்ளையில்லாத எங்கள் உறவுக்காரத் தம்பதி குழந்தையை எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றும், நான் ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாருடைய பாரமும் இறங்கிவிடும் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். தாளில் ஏழெட்டு வரிகள்தாம் இருந்தன. இந்தக் குழந்தையின் மீது எனக்கு இனி எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை என்பது அவற்றில் நான்காவது வரி. எனக்கு அப்போது 23 வயது. திருமணம் ஆகியிருக்கவில்லை, கருவுற்றதும் நான் எதிர்பார்த்த ஒன்றன்று. காய்ச்சல் இருந்தது, தையல் வலித்தது, இரண்டு இரவுகளாகத் தூக்கம் இல்லை. பேனாவை வாங்கிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் கையெழுத்திடவில்லை. அதற்குக் காரணம் என் துணிவு அன்று. குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரான என் தோழியின் அக்கா, எனக்கு ஏழு மாதமாக இருந்தபோது ஒரே ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்லி வைத்திருந்தார்: "குழந்தை பிறந்த பிறகு யார் எந்தத் தாளை நீட்டினாலும், 'படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிடு." யோசிக்கும் தெம்பு இல்லாத அந்த நேரத்தில், முன்பே மனப்பாடமாகியிருந்த அந்த வாக்கியம் தானாக வாயில் வந்தது. அதன் பிறகு பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற மாதம் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, ஐந்து மாதக் கர்ப்பிணி, என்னிடம் வந்து "எந்தத் தாளுக்கு நான் பயப்பட வேண்டும் அக்கா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பதினொரு ஆண்டுகளாக விடாமல் படித்து வந்திருக்கிறேன்.

பெற்றோர் உரிமை என்று சட்டம் சொல்வது பாசத்தை அன்று. குழந்தைக்குப் பெயர் வைப்பது, அது யாருடன் வாழ வேண்டும் என்று முடிவு செய்வது, சிகிச்சைக்கும் பள்ளிக்கும் பயணத்துக்கும் சம்மதம் தருவது, எல்லாவற்றுக்கும் மேலாக அதைத் தத்துக் கொடுக்கச் சம்மதிப்பது அல்லது மறுப்பது ஆகிய அதிகாரங்களின் தொகுப்பே அது. குழந்தையைப் பராமரிக்கும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. பெற்றெடுத்தவளுக்கு இந்த உரிமை பெரும்பாலான நாடுகளில் பிறப்போடு தானாக வந்துவிடுகிறது. அவள் எதையும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆகவே தாயின் சிக்கல் உரிமையைப் பெறுவதில் இல்லை, கையிலிருக்கும் உரிமையைத் தெரியாமல் எழுதிக்கொடுத்துவிடாமல் இருப்பதில் இருக்கிறது. திருமணம் ஆகாத தந்தையின் நிலை இதற்கு நேர் எதிரானது: அவர் ஏதாவது செய்தாலொழியப் பல நாடுகளில் அவருக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை.

தாயின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1982ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாண்டோஸ்கி வழக்கில், ஒருவருடைய பெற்றோர் உரிமையை நிரந்தரமாக அறுப்பதற்கு அரசு தெளிவான, நம்பத்தக்க சான்றுகளைக் காட்டியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சாதாரண உரிமையியல் வழக்குக்குத் தேவையான அளவைவிட அது கடுமையான அளவுகோல். விருப்பமில்லாத ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டுமென்றால் அரசே அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. அந்தத் தாயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் யாரும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. என் கட்டிலின் மேல் வைக்கப்பட்ட தாளின் எடை எவ்வளவு என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

பிரசவம் முடிந்த உடலுக்கும் மனத்துக்கும் அவகாசம் தேவை என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்தே இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தந்த செய்தி. நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, தாயின் சம்மதம் தேவைப்படும் இடத்தில் அது குழந்தை பிறந்த பின்னரே பெறப்பட்டிருக்க வேண்டும் என்றும், பணமோ வேறு ஆதாயமோ காட்டி எந்தச் சம்மதமும் வாங்கப்பட்டிருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இங்கிலாந்தில் குழந்தைக்கு ஆறு வாரம் ஆவதற்கு முன் தாய் தரும் தத்துச் சம்மதம் செல்லாது. ஜெர்மனியில் அந்தக் காலம் எட்டு வாரம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் அதை ஒப்படைத்தால், மறுபரிசீலனை செய்ய அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் தரப்பட வேண்டும். அமெரிக்காவில் மட்டும் இது மாநிலத்துக்கு மாநிலம் மிகவும் வேறுபடுகிறது. பிறந்த சில நாள்களிலேயே தரப்படும் சம்மதம் செல்லுபடியாகும் மாநிலங்களும், மோசடியோ வற்புறுத்தலோ நிரூபிக்கப்பட்டாலன்றி அதைத் திரும்பப் பெற வழியில்லாத மாநிலங்களும் உண்டு. ஆனால் அங்கேயே பழங்குடிக் குழந்தைகளுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்து பத்து நாள்களுக்குள் தரப்படும் சம்மதம் செல்லாது என்றும், அதன் பிறகும் எழுத்தில், நீதிபதி முன்னிலையில்தான் தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டுபோகப்பட்ட ஒரு சமூகத்தின் பட்டறிவிலிருந்து பிறந்த விதி அது. எல்லாத் தாய்மார்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே அந்தப் பெண்ணிடம் நான் முதலில் சொன்னது இது: நீ வாழும் இடத்தின் சட்டம் எத்தனை நாள் அவகாசம் தருகிறது, தந்த சம்மதத்தை எத்தனை நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்ற இரண்டு எண்களையும் பிரசவத்துக்கு முன்பே தெரிந்துகொண்டு எழுதி வைத்துக்கொள். தத்துக் கொடுப்பதை நான் குறைவாகப் பேசவில்லை. நன்கு யோசித்து, விவரம் அறிந்து, தன் மனமொப்பிப் பிள்ளையைத் தத்துக் கொடுத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்த முடிவும் பெற்றோர் உரிமையைப் பயன்படுத்தி எடுக்கப்பட்ட முடிவுதான். நான் அஞ்சுவது அவசரத்தில், பிறர் எழுதிய வாசகத்துக்குக் கீழே விழும் கையெழுத்தைத்தான்.

உறவுக்குள்ளேயே எழுதிக்கொள்ளும் தாள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வந்தது அதுதான். நீதிமன்றத்தையோ உரிய அதிகார அமைப்பையோ தொடாமல் முத்திரைத்தாளில் எழுதப்படும் ஒப்பந்தம் பெரும்பாலான இடங்களில் தத்து ஆகாது. "அப்படியானால் கையெழுத்திட்டாலும் பாதகமில்லையே" என்று தோன்றும். அது தவறான எண்ணம். பின்னாளில் வழக்கு என்று வந்தால், தாய் விரும்பியே விலகினாள் என்பதற்கு அந்தத் தாள் சான்றாக நீட்டப்படும். இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தை அந்த வீட்டில் வேரூன்றிவிட்டது என்ற வாதமும் கூடவே வரும், குழந்தையின் நலனே முதன்மை என்று பார்க்கும் நீதிமன்றம் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடாது. மறுபுறம், பிள்ளையை வாங்கி வளர்ப்பவர்களும் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் ஆவதில்லை. ஓர் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டால் அவர்கள் கைபிசைந்து நிற்க வேண்டியிருக்கும். தாய்க்கும் இல்லாமல் வளர்ப்போருக்கும் இல்லாமல் குழந்தை நடுவில் நிற்கும். சில மாதங்களுக்கு மட்டும் உறவினரிடம் விட வேண்டிய நிலை ஒருத்திக்கு வந்தால், எந்தத் தேதி வரை, என்ன காரணத்துக்காக, செலவுக்கு யார் பொறுப்பு, தாய் எப்போதெல்லாம் வந்து பார்ப்பாள் என்பவற்றை எழுதி, உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற வரியையும் சேர்த்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே விட வேண்டும்.

இனித் தந்தையின் பக்கம். இதைப் பற்றி எழுத எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு, ஏனென்றால் என் மகளின் தந்தையை நானே தொடக்கத்தில் விலக்கி வைக்க நினைத்தவள். நாங்கள் பிரிந்தது ஐந்தாம் மாதத்தில். அவர் வன்முறையாளர் அல்லர். முதிர்ச்சியில்லாதவராக இருந்தார், நானும் அப்படித்தான் இருந்தேன். பிறப்புப் பதிவில் தந்தை பெயரை வெற்றிடமாக விட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தபோது, அவர் ஒரு பதிவுத் தபால் அனுப்பினார். "இந்தக் குழந்தை என்னுடையது என்பதை ஏற்கிறேன், பொறுப்பிலிருந்து விலகப் போவதில்லை" என்ற இரண்டு வரிகள் அதில் இருந்தன. அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், தந்தையாக அவர் செய்த முதல் சரியான செயல் அதுவே.

இதில் ஆண்கள் செய்யும் தவறு, காத்திருப்பது. குழந்தை பிறக்கட்டும், அவள் கோபம் ஆறட்டும், வீட்டில் சொல்ல நல்ல நேரம் வரட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லேர் வழக்கை நான் பலரிடம் எடுத்துச் சொல்வதுண்டு. திருமணமாகாத ஒரு தந்தை, நியூயார்க் மாநிலத்தில் அத்தகைய தந்தையருக்கென்று வைக்கப்பட்டிருந்த பதிவேட்டில் தம்மைப் பதிந்துகொள்ளவில்லை. குழந்தைக்கு இரண்டு வயது கடந்திருந்தபோது, தாயை மணந்த வேறொருவர் அதைத் தத்தெடுக்க விண்ணப்பித்தார். பெற்ற தந்தைக்கு முன்னறிவிப்பு அனுப்பப்படாமலேயே தத்து முடிந்துவிட்டது. அது செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. இரத்த உறவு ஒரு வாய்ப்பைத் தருகிறது, அதைப் பற்றிக்கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தில் பங்கும் பொறுப்பும் ஏற்பவருக்கே சட்டம் முழுப் பாதுகாப்புத் தரும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இது கடுமையான தீர்ப்புத்தான். தாய் தம்மை நெருங்க விடாமல் மறைந்து வாழ்ந்தாள் என்பது அந்த மனிதர் தரப்பின் முறையீடு, மூன்று நீதிபதிகள் தீர்ப்போடு உடன்படவும் இல்லை. ஆனால் பதிவேட்டுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பியிருந்தாலே அவருக்கு அறிவிப்பு வந்திருக்கும் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. இத்தகைய பதிவேடுகள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருக்கின்றன. பதிந்துகொள்ள, பிறப்புக்கு முன்போ பிறந்த சில வாரங்களுக்குள்ளோ என்று குறுகிய கெடுவும் இருக்கிறது.

எல்லா நீதிமன்றமும் தந்தையைக் கைவிட்டுவிடுவதில்லை. 1994ஆம் ஆண்டு கீகன் எதிர் அயர்லாந்து வழக்கில், தந்தைக்குத் தெரியாமலேயே குழந்தை தத்துக்காக ஒப்படைக்கப்பட்டது குடும்ப வாழ்வுக்கான அவருடைய உரிமையை மீறுவது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் குழந்தை வேறொரு வீட்டில் வளர்ந்துவிட்டிருந்தது. நீதிமன்றத்தால் நியாயத்தைத் திருப்பித் தர முடிந்தது, அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர முடியவில்லை.

இங்கே இன்னொரு நுட்பம் இருக்கிறது. படித்தவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தந்தை என்று ஏற்கப்படுவது வேறு, பிள்ளையின் மீது முடிவெடுக்கும் அதிகாரம் பெறுவது வேறு. ஜெர்மனியில் ஒருவர் குழந்தை பிறப்பதற்கு முன்பே தாயின் சம்மதத்தோடு தந்தைமையை ஏற்று எழுதிக்கொடுக்கலாம். அதனால் பராமரிப்புக் கடமை வந்துவிடும், ஆனால் பிள்ளை பற்றித் தாயோடு சேர்ந்து முடிவெடுக்கும் அதிகாரத்துக்குத் தனியான உறுதிமொழியோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதிக்குப் பிறகு, பிறப்புப் பதிவில் தாயோடு சேர்ந்து தந்தையின் பெயரும் ஏறினால் பெற்றோர் பொறுப்பு அவருக்கும் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் மருத்துவமனையிலேயே கையெழுத்திடும் தந்தைமை ஒப்புதல் தாளை 60 நாள்களுக்குள் திரும்பப் பெறலாம். அது கடந்தால் மோசடி, வற்புறுத்தல், உண்மை பற்றிய பெரும் பிழை ஆகியவற்றைக் காட்டியே அதை எதிர்க்க முடியும். சந்தேகம் உள்ளவர் அந்தத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன்பே மரபணுச் சோதனை கேட்க வேண்டும். வீட்டிலேயே கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து அனுப்பும் சோதனை மன நிம்மதிக்கு உதவும். மாதிரி யாருடையது என்பதற்குச் சாட்சி இல்லாததால் பொதுவாக நீதிமன்றத்தில் அது நிற்காது.

தந்தையின் உரிமை பிறப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கருவைத் தொடர்வதா வேண்டாமா என்பதில் கணவரின் சம்மதம் தேவை என்ற சட்டவிதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இலேயே நீக்கியது; இந்தியாவின் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணை அடைத்து வைப்பதற்கும், அவளுடைய மருத்துவ விவரங்களைக் கேட்டு மிரட்டுவதற்கும் "நான் தந்தை" என்பது காரணமாகாது.

அப்படி மிரட்டுகிறவர் விஷயத்தில் நான் இதுவரை எழுதியதில் பாதி பொருந்தாது. அடிக்கிறவர், வல்லுறவுக்கு உட்படுத்தியவர் ஆகியோரின் பெயரைப் பதிவில் ஏற்றுவதற்கு முன் ஒரு பெண் கட்டாயம் சட்ட ஆலோசனை பெற வேண்டும், ஏனென்றால் ஏறிய பெயரோடு பார்வையிடும் உரிமையும் பின்தொடர்ந்து வரலாம். வல்லுறவில் கருவுற்ற தாய், குற்றவாளியின் பெற்றோர் உரிமையை நீக்கக் கோரும் வழியை மாநிலங்கள் ஏற்படுத்த வேண்டும் என்று ஊக்குவிக்கும் சட்டம் அமெரிக்காவில் 2015இல் வந்தது. அதே ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், திருமணமாகாத தாய் ஒருவர் தம் குழந்தைக்குப் பாதுகாவலராக விண்ணப்பிக்கையில் தந்தையின் பெயரை வெளியிடவோ அவருக்கு அறிவிப்பு அனுப்பவோ கட்டாயமில்லை என்று கூறியது. அத்தகைய தாய் பிரமாணப் பத்திரம் ஒன்று தந்தாலே பிறப்புச் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தத் தாய் தம் பெயரையே வெளியிடாமல் வழக்காடியவர். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு நான் கடன்பட்டவள் என்று உணர்கிறேன்.

எங்கள் கதையில் முடிவு வேறாக அமைந்தது. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவை வழக்கறிஞர் அக்கா எனக்குப் படித்துக் காட்டினார். பிறந்தவுடன் பதிவு பெறும் உரிமையும், இயன்றவரை தன் பெற்றோரை அறிந்து அவர்களால் பேணப்படும் உரிமையும் குழந்தைக்கு உண்டு என்கிறது அது. என் உரிமை, அவர் உரிமை என்று மட்டுமே அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்; தொட்டிலில் கிடப்பவளுக்கும் இதில் ஓர் உரிமை இருக்கிறது என்பது அன்று தான் மனத்தில் தைத்தது. பதிவில் இரண்டு பெயர்களும் ஏறின. மகள் என்னுடன் வாழ்வது, அவர் வந்து பார்க்கும் நாள்கள், மாதந்தோறும் தர வேண்டிய தொகை, அவசர சிகிச்சையில் இருவரில் யார் இருந்தாலும் ஒப்புதல் தரலாம் என்பது, ஊர் மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதி, நீதிமன்றத்தில் ஆணையாகப் பெற்றோம். வாய்ப்பேச்சில் விட்டிருந்தால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் போட்ட சண்டைகளில் எல்லாம் காற்றில் போயிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு நான் வாங்கித் தந்தது ஓர் உறை. அடையாள அட்டையின் நகல், மருத்துவப் பதிவுகள், அவளும் குழந்தையின் தந்தையான பையனும் பரிமாறிக்கொண்ட செய்திகளின் அச்சுப்படிகள், பிரசவச் செலவில் அவன் தந்த பங்கிற்கான ரசீதுகள், சட்ட உதவி மைய வழக்கறிஞரின் எண் ஆகியவை அதில் இருக்கின்றன. மருத்துவமனைப் பதிவில் யார் யாருக்குத் தகவல் தரலாம், அறைக்குள் யாரை விடலாம் என்பதை அவளே எழுதிக்கொடுத்திருக்கிறாள். தந்தைமையை எழுத்தில் ஏற்பதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். சொன்னால் போதாது, எழுதி வாங்கும் வரை விடாதே என்றிருக்கிறேன். குழந்தையை வளர்ப்பதா, தத்துக் கொடுப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு அவளுக்கு நேரம் இருக்கிறது, பிறந்த பிறகும் இருக்கும். உறையின் மேல் அவளுடைய கையெழுத்தில் "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பெரிதாக எழுதியிருக்கிறாள். பிரசவத்துக்கு எடுத்துச் செல்லும் பையில், துணிகளுக்கு மேலே அது இருக்கிறது.